வைக்கோல் தராமல் செங்கல் கேட்கலாமா?

தியானப் பகுதி: யாத்திராகமம் 5:6-18, யாத்திராகமம் 35:30-35, மத்தேயு 20:1-16



நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்கு அருகே ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021-ஆம் ஆண்டில் எழும்பியபோது, இரண்டு எண்கள் நாடெங்கும் பேசப்பட்டன. 500 ஏக்கர் பரப்பிலான அந்த ஆலை முழு அளவில் இயங்கும்போது 3,000-க்கும் மேற்பட்ட ரோபோக்கள் அங்கே வேலை செய்யும் என்பது ஒன்று. அதே ஆலையை 10,000-க்கும் மேற்பட்ட பெண்களே நடத்துவார்கள் என்பது மற்றொன்று. முதல் எண்ணைக் கேட்டு நம்மில் சிலர் கலங்கினார்கள். இரண்டாம் எண்ணைக் கேட்டுப் பலர் மகிழ்ந்தார்கள். ஓசூரிலும் சூளகிரியிலும் பர்கூரிலும் வாழும் உழைக்கும் குடும்பங்கள் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் இன்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஐயா, இந்தக் கைவேலைக்கு இன்னும் எத்தனை நாள் மதிப்பு இருக்கும்?" கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். வீட்டுக் கடன் பாதி கட்டியிருப்பார். பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். அவருக்கு உலகம் தரும் பதில் ஒன்றே: "புதிய திறமையைக் கற்றுக்கொள்." செய்தித்தாளும் அதையே சொல்கிறது, மேலாளரும் அதையே சொல்கிறார், சில வேளைகளில் பிரசங்க பீடமும் அதையே சொல்கிறது.

அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அது பாதிப் பதில். கற்றுக்கொள்ளச் சொல்லுகிறவர்கள் கற்பதற்கான நேரத்தையும் வழியையும் கொடுக்கிறார்களா என்பதே மீதிப் பாதி. இந்த வாரம் அந்த மீதிப் பாதியைக் கர்த்தருடைய வார்த்தையின் வெளிச்சத்தில் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

மாறுவது எது?

நம்முடைய ஊருக்கு இயந்திரம் புதிதன்று. 1970-களில் சிப்காட் வளாகம் உருவாயிற்று. 1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தது. அந்த ஆண்டிலேயே டி.வி.எஸ். மொபெட்டும் சந்தைக்கு வந்தது. ராகியும் அவரையும் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் லேத்தின் முன்னும் பிரஸ்ஸின் முன்னும் வந்து நின்றார்கள். கையால் ஓட்டிய லேத்து சி.என்.சி. ஆனதையும் அவர்கள் பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள், பிழைத்தார்கள். ஆகவே "இயந்திரம் வந்துவிட்டது" என்ற கூக்குரலை மட்டும் கேட்டு நாம் திகைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இப்போதைய மாற்றம் இரண்டு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் வருகிறது. ஒன்று பட்டறைக்கு உள்ளே நடக்கிறது. வெல்டிங்கையும் பெயின்டிங்கையும் ரோபோவின் கை செய்கிறது. உதிரிப் பாகத்தின் கீறலைக் கேமரா கண்டுபிடிக்கிறது. பொருள்களைத் தானே ஓடும் வண்டி ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குக் கொண்டுபோகிறது. ரோபோ ஒரு மனிதனை முழுவதுமாக ஒரே நாளில் அகற்றுவதில்லை; அவன் செய்த வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது, பின்பு இன்னொன்றை. முடிவில் நால்வர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்கிறார். இதை உங்களிடமிருந்து மறைத்து ஆறுதல் சொல்வது மேய்ப்பனுக்குத் தகாது.

மற்றொரு மாற்றம் பொருளிலேயே நடக்கிறது. பெட்ரோல் வண்டியில் பிஸ்டன் உண்டு, கிராங்க் ஷாஃப்ட் உண்டு, கிளட்ச் உண்டு, சைலன்சர் உண்டு. மின்சார ஸ்கூட்டருக்கு இவை ஒன்றும் தேவையில்லை. டி.வி.எஸ். ஐக்யூப் 2020-இல் வந்தது. ஏத்தர் நிறுவனம் 2021-இல் ஓசூரில் ஆலை திறந்தது. நம் ஊரின் சிறு பட்டறைகளில் கியரையும் கிளட்ச் பாகத்தையும் கடைந்து கொடுத்துப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பட்டறைக்குள் ரோபோ ஒன்றுகூட நுழையாமலேயே ஆர்டர் குறையக்கூடும். இதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். நம் நாட்டில் இன்றும் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள்தாம். ஆகவே இன்னும் கால அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே நம் முன் உள்ள காரியம்.

இரண்டு கடிகார ஆலைகள்

"காலத்துக்கு ஏற்றபடி மாறாதவன் அழிந்தான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லுமுன், நம் எல்லையின் இருபுறமும் நடந்த ஒரு வரலாற்றை நினைவுகூர்வது நல்லது.

பெங்களூருவில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. சாவி கொடுத்தால் ஓடும் அந்தக் கடிகாரங்களைப் பொருத்திய கைகள் மிகத் தேர்ந்த கைகள். நம்மில் மூத்தவர்கள் பலருக்குத் திருமணப் பரிசாகவோ முதல் சம்பளத்திலோ கிடைத்த கடிகாரம் அதுவே. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்தன. அவர்கள் குவார்ட்ஸ் கடிகாரத்தின்மேல் நம்பிக்கை வைத்தார்கள். ஒரு சிறு பேட்டரியும், விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகமும், மிகக் குறைந்த உதிரிப் பாகங்களும் போதும்; அதற்குச் சாவி வேண்டியதில்லை, அதன் நேரமும் பிசகுவதில்லை.

உலகமெங்கும் இந்த மாற்றம் கைகளைத் தள்ளிவிட்டது. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் எஞ்சியவர்கள் 30,000 சொச்சம் பேர். எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. ஓசூரிலோ, அப்போதுதான் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை நிறுவனமே தேர்ந்தெடுத்து, பயிற்றுவித்து, கடிகாரம் செய்ய வைத்தது. தனக்கு வேண்டிய நுண்ணிய இயந்திரங்களை உருவாக்கிப் பழகிய அதே குழுமம், இன்று பிற நிறுவனங்களுக்குத் தானியங்கி இயந்திர அமைப்புகளைச் செய்து கொடுக்கும் தனி நிறுவனத்தையும் நடத்துகிறது.

பிரியமானவர்களே, பெங்களூருவின் கைகள் ஓசூரின் கைகளைவிடத் தாழ்ந்தவையா? இல்லை. எந்தக் கடிகாரம் செய்வது என்று தீர்மானித்த அறையில் தொழிலாளிக்கு நாற்காலி போடப்படவில்லை. அவ்வளவுதான். எச்.எம்.டி. தொழிலாளி சோம்பேறியாய் இருந்ததால் ஆலை மூடப்படவில்லை. ஓசூர்ப் பிள்ளைகள் பிறவியிலேயே குவார்ட்ஸ் அறிந்திருந்ததால் வேலை பெறவும் இல்லை. அவர்களுடைய கைகளின்மேல் ஒருவர் பணத்தையும் மாதங்களையும் செலவிட்டார். வேலை இழந்தவனைப் பார்த்துக் குற்றம் சாட்டும் நாவு இதை எண்ணிச் சற்றே தாமதிக்கட்டும்.

பார்வோனின் கணக்கு

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலர் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். களிமண்ணோடு கலக்க வேண்டிய வைக்கோல் அதுவரை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் பார்வோன் உத்தரவை மாற்றினான்: வைக்கோல் இனிக் கொடுக்கப்படாது, அதை அவர்களே போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும், செங்கலின் எண்ணிக்கையோ ஒன்றும் குறையலாகாது. ஜனங்கள் எகிப்தெங்கும் சிதறித் தாளடிகளைப் பொறுக்கினார்கள். கணக்கு குறைந்தபோது அவர்களுடைய தலைவர்கள் அடிக்கப்பட்டார்கள். அவர்கள் முறையிட்டபோது பார்வோன் சொன்ன காரணம் என்ன? அவர்கள் சோம்பலாயிருக்கிறார்கள் என்பதே.

இன்று ஒரு தொழிலாளியிடம், "புதிய திறமையை உன் சொந்த நேரத்தில், உன் சொந்தப் பணத்தில் கற்றுக்கொண்டு வா, இங்கே உற்பத்தி இலக்கு மட்டும் குறையக்கூடாது" என்று சொல்லும்போது, அந்தப் பழைய உத்தரவே புதிய எழுத்தில் வெளிவருகிறது. கற்பதற்கு வேண்டிய வைக்கோல் நேரம். அது அவனிடம் இல்லை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அதைப் போன்ற மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆகவே அப்போது அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு சட்டம், ஜூஜூவாடிக்கு இப்பால் ஒரு சட்டம் என்றிருந்தது. ஆனால் ஷிப்டும் ஓவர்டைமும் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் நேரமும் சேர்ந்தால், எல்லையின் இருபுறமும் ஒரு மனிதனுடைய நாள் ஒன்றுபோலவே தீர்ந்துபோகிறது. இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர் எந்த வகுப்புக்குப் போவார்? வேலை முடிந்து வந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சகோதரி எந்த மணி நேரத்தில் புதிய இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பாள்?

ஓசூருக்கு அருகே உள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்று வருவதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அறிவித்தார். அப்படித் தூரதேசத்திலிருந்து வரும் பிள்ளைகளை நம் தெருக்களில் காண்கிறோம். தாய்மொழி ஒன்று, மேற்பார்வையாளர் பேசுவது வேறொன்று, இயந்திரத் திரையில் தெரிவது ஆங்கிலம். தாய்மொழியில் விளங்கச் சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால், பத்து ஆண்டு வேலை செய்தாலும் அவர்கள் கற்பது ஒரே அசைவாகத்தான் இருக்கும். ஒரே அசைவை மட்டும் அறிந்த கையைத்தான் ரோபோ முதலில் பதிலீடு செய்யும்.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். "இவன் நம்முடைய ஆள் அல்லவே" என்பதால் ஆலை அவனுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை, ஒப்பந்தக்காரரும் கற்றுக்கொடுப்பதில்லை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு நிரந்தரத் தகுதி வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981-லேயே சட்டம் இயற்றியது. அந்த நாள் கணக்கு நிறைவேறுமுன் வேலையை முறித்து, வேறு பெயரில் மறுபடியும் எடுக்கும் வழக்கத்தை உழைக்கும் மக்கள் அறிவார்கள். வேர்விடுமுன் பிடுங்கி நடப்படும் நாற்று எப்போது கதிர் விடும்?

பெசலெயேலுக்குக் கிடைத்த இரண்டு வரங்கள்

இனித் தொழிலாளியாகிய உங்களோடு பேசுகிறேன். நீங்கள் செய்யக்கூடியது உண்டு. அதைச் செய்யாமல் இருப்பதும் நல்லதல்ல.

தேவ ஆவியால் நிரப்பப்பட்டவராக வேதம் முதன்முதலில் பெயர் சொல்லிக் காட்டும் மனிதர் யார்? அரசரும் அல்லர், தீர்க்கதரிசியும் அல்லர். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞராகிய பெசலெயேல். ஆசரிப்புக் கூடாரத்தின் பணிக்காகக் கர்த்தர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். கைத்தொழிலைத் தாழ்ந்தது என்று எண்ணும் எவரும் இந்தப் பகுதியை நின்று வாசிக்க வேண்டும். ஆனால் யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு வரம் இருக்கிறது. பெசலெயேலுக்கும் அவரோடிருந்த அகோலியாபுக்கும் செய்யும் வரத்தோடு, மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வரமும் கொடுக்கப்பட்டது.

இந்த இரண்டாம் வரத்தில்தான் இயந்திர யுகத்தில் மனிதன் நிற்கும் இடம் இருக்கிறது. வெல்டிங் ரோபோவைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அது தானாக ஒன்றும் அறியாது. கையில் பிடிக்கும் ஒரு பலகையை வைத்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்தச் சாய்வில், எந்த வேகத்தில், எவ்வளவு மின்னோட்டத்தில் போக வேண்டும் என்று ஒருவர் அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பித்ததை அது களைப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்யும். ஆனால் முந்தைய பிரிவிலிருந்து வந்த தகடு சற்றே வளைந்திருந்தால் அந்த வளைவிலும் அது முன்போலவே பற்ற வைக்கும். இருபது ஆண்டு வெல்டரோ, சத்தத்தை வைத்தே பிழையைச் சொல்லிவிடுவார். பாகங்களைச் சோதிக்கும் கேமராவுக்கும் இது நல்லது, இது பழுது என்று மாதிரிகளைத் தெரிந்தெடுத்துக் காட்டுவதற்கு, கண் தேர்ந்த ஓர் இன்ஸ்பெக்டர் வேண்டும்.

ஆகவே, உங்களுடைய பழைய அறிவை எறிந்துவிட்டுப் புதியதைத் தேடி ஓட வேண்டியதில்லை. அந்தப் பழைய அறிவோடு ஒரு படி சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்டராக இருந்தால் ரோபோவுக்குக் கற்பிப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓட்டுபவராக இருந்தால் அது ஏன் நின்றது என்று கண்டறியும் பராமரிப்புப் பக்கம் நகருங்கள்: சென்சார், காற்றழுத்தக் குழாய்கள், பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. பெட்ரோல் வண்டிப் பாகங்கள் செய்பவராக இருந்தால், உங்கள் இயந்திரமும் கைத்திறனும் வேறு எந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்று இப்போதே விசாரியுங்கள். ஒரே வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்கும் பட்டறை ஒற்றைக் காலில் நிற்கிறது.

வழிகளும் உண்டு. தமிழ்நாட்டு அரசு, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ரோபோ இயக்கம், மேம்பட்ட சி.என்.சி., மின்சார வாகனப் பராமரிப்பு முதலிய பாடங்களுக்கான தொழில்நுட்ப மையங்களை அமைத்திருக்கிறது. ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. படிப்புச் சான்றிதழ் இல்லாமல் பல ஆண்டு வேலை பழகியவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது. அறிவிப்பு வரும் நாளை அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கையில் உள்ள திறமைக்குக் காகிதத்தில் ஒரு சாட்சி இருப்பது, வேலை மாறும் நாளில் பெரிதும் உதவும்.

நீங்கள் கற்றதை உங்களுக்குப் பின்வரும் பையனுக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். "இவன் கற்றுக்கொண்டால் என் இடம் போய்விடுமே" என்ற பயத்தை நான் அறிவேன். கற்பிக்கத் தெரிந்தவன்தான் குழுவுக்குத் தலைவனாகிறான். கற்பிக்காதவனுடைய அறிவு அவனோடேயே ஓய்வு பெற்றுவிடுகிறது.

ஆலை நடத்துகிறவர்களுக்கு

நம் சபைகளில் மேலாளர்களும், மனிதவள அலுவலர்களும், சிறு பட்டறை உரிமையாளர்களும் உண்டு. உங்களிடம் ஒரு வார்த்தை. வைக்கோல் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றமோ முறை மாற்றமோ செய்வதானால் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டமே சொன்னது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் அதைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் 15 நாள் கூலியை மறுபயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும் அந்தத் தொகுப்பு கூறுகிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் 15 நாள் கூலியைக் கொண்டு ஒருவர் புதுத் தொழில் கற்றுவிட முடியுமா? 21 நாளில் ஒரு குடும்பம் தன் வாழ்வைத் திருப்பி அமைத்துக்கொள்ளுமா? சட்டம் கேட்பது குறைந்த அளவு. அன்பு அங்கே நின்றுவிடலாகாது.

மூன்று காரியங்களை உங்கள் மனச்சாட்சிக்கு முன் வைக்கிறேன். புதிய இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே தொழிலாளரிடம் அதைச் சொல்லுங்கள். இயந்திரம் வந்து இறங்குவதற்குள் சில மாதங்கள் அவர்களுக்குக் கிடைக்கும். வாரத்தில் சில மணி நேரத்தையாவது வேலை நேரத்துக்குள்ளேயே பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அந்தப் பயிற்சியை இளையவரிடம் மட்டும் தொடங்காமல், வயதில் மூத்தவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

சிறு பட்டறைக்காரர் கேட்பார்: "ஐயா, பெரிய கம்பெனி வருடந்தோறும் விலையைக் குறைக்கச் சொல்கிறது. பத்து ஆள் வைத்திருக்கும் நான் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அன்றைய லோடு எப்படிப் போகும்?" இது நியாயமான கேள்வி. அவருக்கும் ஓர் ஆளோட்டி மேலே இருக்கிறான். ஆகவே உதிரிப் பாகம் வாங்கும் பெரிய நிறுவனங்களே தங்களுக்குச் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளின் தொழிலாளருக்கும் பயிற்சிச் செலவை ஏற்பது முறையாகும். ஓசூரில் சிறுதொழில் சங்கம் உண்டு. பல பட்டறைகள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்வதும் இயலாத காரியம் அன்று. ஓய்வுநாளைக் குறித்து ஆண்டவர் கற்பித்தபோது, எது எதற்காக உண்டாக்கப்பட்டது என்ற வரிசையைத் தெளிவாக்கினார். இயந்திரத்திலும் அந்த வரிசை மாறலாகாது.

சபை செய்ய வேண்டியது

முதலாவதாக, வேலை இழந்த வீட்டுக்குப் போய் "என்ன பாவமோ, என்ன சாபமோ" என்று ஆராய்வதை நிறுத்துவோம். ஆலையின் பொருள் மாறியதற்கு அந்த வீட்டின் ஜெபக் குறைவு காரணமன்று. "உபவாசித்தால் வேலை நிலைக்கும்" என்று வாக்குக் கொடுக்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. நாம் ஜெபிப்போம், எழுந்து உதவியும் செய்வோம்.

வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் சபை மண்டபங்கள் நமக்கு உண்டு. ஓய்வு பெற்ற ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் பராமரிப்புப் பொறியாளர்களும் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் கற்பிக்க முன்வந்தால் எத்தனை பேர் எழும்புவார்கள்! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. மொழிபெயர்த்துச் சொல்ல நம்மிடம் ஆட்கள் குறைவில்லை. இந்தி அறிந்த சகோதரிகள், வடக்கேயிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம். அவர்கள் எந்த மதத்தினர் என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஐ.டி.ஐ.யில் சேர விரும்பும் ஒரு தாய்க்கு, அவள் வகுப்பிலிருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் அதுவும் வைக்கோல்தான்.

பதினோராம் மணி வேளையில்

இவையெல்லாம் செய்தாலும் சிலர் விடுபட்டுப் போவார்கள். ஐம்பத்தைந்து வயதில் வேலை இழந்து, கண் மங்கி, புதிய திரையை வாசிக்க இயலாத ஒருவருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்? அவரைப் பற்றிப் பேசாமல் இந்தச் சிந்தனையை முடித்தால் அது சுவிசேஷத்துக்கு உண்மையாயிராது.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட எஜமான் ஒரே நாளில் ஐந்து முறை வெளியே போனார். விடியற்காலையிலும், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும், இறுதியாக வேலை முடிய ஒரு மணி நேரமே இருந்த பதினோராம் மணி வேளையிலும் போனார். அப்போதும் சிலர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டார். தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதிலை அவர் நம்பினார். பார்வோனைப் போல அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை, திறமையைச் சோதிக்கவில்லை, உள்ளே வரச் சொன்னார். மாலையில் கொடுத்த கூலியை அவர்கள் ஆற்றிய மணிக்கணக்கைக் கொண்டு அவர் அளக்கவில்லை. ஒரு நாளைய பணத்தை முழுவதுமாகக் கொடுத்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் அன்றிரவு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த உவமையை நாம் கிருபைக்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கிக்கிறோம்; அது சரியே. ஆனால் ஆண்டவர் அதைக் கூலி வேலைக்காகக் காத்து நிற்கும் மனிதர்களைக் கொண்டு சொன்னார் என்பதை மறக்கலாகாது. அவரும் தச்சு வேலை செய்தவர். கூலிக்கு நிற்கும் முகங்களை அவர் அறிவார். மனிதனுடைய மதிப்பு, அவனுடைய வேலையை ஓர் இயந்திரம் செய்ய முடியுமா முடியாதா என்பதில் தொங்கவில்லை. நம்மைச் சாயலாகப் படைத்தவர் அந்த மதிப்பை வேலைக்கு முன்பே வைத்துவிட்டார். வேலை போனாலும் அது போகாது. ஆனால் வேலை இழந்தவர் அதை நம்புவதற்கு, ஒருவர் சந்தை வெளிக்குப் போய் அவரைத் தேடி அழைக்க வேண்டும்.

இந்த வாரம் உங்கள் தெருவில், உங்கள் வரிசையில், உங்கள் சபையில் சும்மா நிற்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். ஏன் நிற்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். பிறகு, உங்கள் கையில் இருக்கும் வைக்கோலில் ஒரு பிடி கொடுங்கள்.

ஜெபம்

எங்கள் பரலோகப் பிதாவே, எங்கள் கைகளை உருவாக்கினவரே, உமக்கு ஸ்தோத்திரம். ஆலைகளிலும் பட்டறைகளிலும் இரவும் பகலும் உழைக்கும் உம்முடைய பிள்ளைகளைக் கண்ணோக்கும். கற்க விரும்புகிறவர்களுக்கு நேரத்தையும் கற்பிக்கிறவர்களுக்கு மனதையும் தாரும். ஆலை நடத்துகிறவர்களின் இருதயத்தைப் பார்வோனின் கடினத்திலிருந்து காத்தருளும். வேலை இழந்தவர்களின் வீடுகளில் ஆகாரம் குறையாதபடி எங்களை அனுப்பும். பதினோராம் மணி வேளையிலும் வெளியே வந்து தேடுகிற உம்முடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.